கொக்கியா, நூலா? – செம்பனைப் பைப்புழுக்களை இனங்காணல்



இவ்வாண்டு மலருக்கு ஓர் அறிவியல் கட்டுரை வேண்டும் என்று கழகத்தின் ஆசிரியர் குழு கேட்டபோது, நான் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. நான் உயிரியல் துறை மாணவி. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை அறிவியலைத் தமிழில் படித்தேன். பிறகு தேசிய இடைநிலைப்பள்ளியில் அதையே மலாயில் படித்தேன். பல்கலைக்கழகத்தில் எல்லாம் ஆங்கிலம். ஆகவே முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி என்ற நான்கு சொற்களைத் தாண்டி என் பாடத்தைத் தமிழில் பேச எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் சென்ற நீண்ட விடுமுறையில் ஒரு சின்னப் பூச்சியை இனங்காண்பதில் நான் செய்த தவறு, என் மாமா வேலை செய்யும் தோட்டத்தில் பெரிய வினையாக முடிந்திருக்கும். அதைத் தமிழில் சொல்லாவிட்டால் வேறு எந்த மொழியில் சொல்வது என்று தோன்றியது. அதனால் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் பூச்சி எது என்று சொல்லிவிடுகிறேன். தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்கள் 'உலாட் புங்குஸ்' என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். கடையில் நாசி லெமாக்கைப் 'புங்குஸ்' கட்டி வாங்குகிறோம் அல்லவா, அதே புங்குஸ்தான். இந்தப் புழு தன்னைத்தானே ஒரு பொட்டலமாகக் கட்டிக்கொள்ளும். வாயிலிருந்து பட்டு நூல் சுரந்து, அதில் ஓலைத் துணுக்குகளை ஒட்டி, ஒரு பை தைத்து அதனுள்ளேயே வாழும். நகரும்போது தலையையும் முன்கால்களையும் மட்டும் வெளியே நீட்டிப் பையையும் இழுத்துக்கொண்டு போகும். வளர வளரப் பையும் பெரிதாகும். தமிழில் இதைப் பைப்புழு என்கிறேன். இது வளர்ந்து சிறிய அந்துப்பூச்சி ஆகிறது.

அந்துப்பூச்சி என்றதும் அரிசி மூட்டையில் பறக்கும் 'அந்து' நினைவுக்கு வரலாம். இரண்டும் செதில் படிந்த இறகுகளைக் கொண்ட ஒரே பெரிய வரிசையைச் சேர்ந்தவைதான். ஆனால் பைப்புழுக்கள் சைக்கிடே என்னும் தனிக் குடும்பம். உலகெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் இக்குடும்பத்தில் உள்ளன. கிரேக்க மொழியில் 'சைக்கே' என்றால் ஆன்மா என்றும் பொருள், வண்ணத்துப்பூச்சி என்றும் பொருள். அழகான பெயர். ஆனால் இக்குடும்பத்துப் பெண்பூச்சியின் வாழ்க்கை அவ்வளவு அழகாக இல்லை.

செம்பனையைத் தாக்கும் இனங்களில் பெண்ணுக்கு இறகே கிடையாது. பார்ப்பதற்குப் புழுவைப் போலவே இருக்கும். பையை விட்டு வெளியே வராது. ஆண்பூச்சி மட்டும் பறக்கும். பெண் வெளியிடும் வாசனையைப் பின்பற்றித் தேடி வந்து, பையின் அடி வாசலில் தொங்கிக்கொண்டு, வயிற்றின் நுனியை நீட்டிப் பைக்குள் செலுத்திப் புணரும். ஆணுக்கு உண்ணும் வாய் இல்லை. சில நாள்களில் இறந்துவிடும். பெண் அந்தப் பைக்குள்ளேயே நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளை இட்டுவிட்டுச் சுருங்கி இறக்கும். முட்டையிலிருந்து வரும் குஞ்சுப்புழுக்கள் அடி வாசல் வழியாக வெளியேறி, ஒரு நூலில் தொங்கும். காற்று அடித்தால் பக்கத்து மரத்திற்குப் போகும். போன இடத்தில் முதல் வேலையாகத் தனக்கொரு பை செய்துகொள்ளும். முட்டையில் தொடங்கி மீண்டும் முட்டைக்கு வர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும்.

நம் நாட்டில் செம்பனையை முதன்முதலில் வாணிக முறையில் பயிரிட்டது 1917ஆம் ஆண்டு, சிலாங்கூரில் உள்ள தென்னமரம் தோட்டத்தில். (தென்னை மரத்தின் பெயர் கொண்ட தோட்டத்தில் செம்பனை நட்ட வேடிக்கையை எங்கள் சரித்திர ஆசிரியர் சொல்லி நாங்கள் சிரித்திருக்கிறோம்.) அன்றிலிருந்து பரந்து கிடக்கும் ஒரே பயிர் இந்தப் பைப்புழுக்களுக்கு விருந்தாயிற்று. இலையை இழந்த மரம் உடனே சாகாது. ஆனால் குலை குறையும். கடுமையாகத் தாக்கப்பட்டால் விளைச்சலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடக்கூடும். அதனால்தான் 2013ஆம் ஆண்டு அரசாங்கம் பைப்புழுவைப் பயிர்த் தனிமைப்படுத்தல் சட்டத்தின்கீழ் ஆபத்தான பூச்சியாக அறிவித்தது.

மூன்று பெயர்கள்

மலேசியச் செம்பனையில் முக்கியமாக மூன்று இனங்கள் காணப்படுகின்றன. மெட்டிசா பிளானா, டெரோமா பெண்டுலா, மஹாசேனா கோர்பெட்டி.

பெயர்களைக் கண்டு பயப்பட வேண்டாம். சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1758இல் விலங்குகளுக்கு வகுத்த முறைதான். முதற்சொல் பேரினம், இரண்டாம் சொல் இனம். நம் வீட்டில் அப்பா பெயரை முன்னால் போட்டுப் பிள்ளையின் பெயரைப் பின்னால் எழுதுவது போல. பெயருக்குப் பின்னால் அதை முதலில் விவரித்தவரின் பெயரும் ஆண்டும் வரும். மெட்டிசா பிளானாவிற்கு 'வாக்கர், 1883' என்றும், மஹாசேனா கோர்பெட்டிக்கு 'டாம்ஸ், 1928' என்றும் எழுதுவார்கள். மலாயாவில் அரசாங்கப் பூச்சியியலாளராக இருந்த கோர்பெட்டின் பெயரே கோர்பெட்டி ஆயிற்று. மகாசேனன் என்பது முருகனுக்கும் உள்ள பெயர் என்பதால் எனக்கு மட்டும் இந்தப் பூச்சியைப் பார்க்கும்போதெல்லாம் பத்துமலை நினைவுக்கு வரும்.

டெரோமா பெண்டுலாவிற்கு ஆசிரியர் பெயர் அடைப்புக்குறிக்குள் வரும்: (ஜோவானிஸ், 1929). இதை அச்சுப் பிழை என்று நினைத்து என் முதல் அறிக்கையில் அடைப்புக்குறியை எடுத்துவிட்டேன். மேற்பார்வையாளர் சிவப்பு மையால் மீண்டும் போட்டார். அடைப்புக்குறி இருந்தால், அந்த இனத்தை முதலில் வேறொரு பேரினத்தில் வைத்திருந்தார்கள், பிறகு மாற்றினார்கள் என்று பொருளாம். ஜோவானிஸ் வைத்த பெயர் கிரெமாஸ்டோசைக்கே பெண்டுலா. 1960களின் நூல்களில் அந்தப் பெயரையே காணலாம். கிரெமாஸ்டோ என்றாலும் தொங்குவது, பெண்டுலா என்றாலும் தொங்குவது. ஒரே பெயரில் இரண்டு முறை தொங்கவிட்டிருக்கிறார். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

எனது கணக்கு

மாமா வேலை செய்யும் தோட்டம் கீழ்ப் பேராக்கில் இருக்கிறது. அவர் அங்கே மண்டோர். அம்மாவும் மாமாவும் பிறந்தது அத்தோட்டத்து லயத்தில்தான். என் பாட்டி அங்கே பல ஆண்டுகள் மருந்தடிக்கும் கூட்டத்தில் இருந்தவர். முதுகில் பம்பைச் சுமந்து, வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு போவாராம். கையுறை கொடுத்தார்களா என்று கேட்டேன். "குடுத்தாங்க, ஒரு தடவை" என்றார். பாட்டியின் விரல் நகங்கள் இன்றும் நேராக வளர்வதில்லை.

இறுதியாண்டு ஆய்வுக்காக அத்தோட்டத்தின் ஐந்து வயதுச் செம்பனைப் பகுதி ஒன்றில் புழுக் கணக்கெடுக்க அலுவலகத்தில் அனுமதி வாங்கித் தந்தவர் மாமா. பதினைந்து மரம், மரத்திற்கு ஒரு நடுமட்டை. மட்டையை வெட்டிக் கீழே போட்டு, ஈர்க்கு ஈர்க்காகப் பைகளை எண்ண வேண்டும். நான் எண்ணினேன். மொத்தம் 312 பைகள். மட்டைக்கு 20.8. எல்லாமே மெட்டிசா பிளானா என்று எழுதி அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். அந்த வட்டாரத்தில் மெட்டிசாதான் அதிகம் என்று படித்திருந்தேன். அதனால் பார்க்காமலே எழுதினேன்.

மருந்து அடிப்பதற்கு ஒரு வரம்பு உண்டு. மட்டைக்கு எத்தனை உயிருள்ள புழு இருந்தால் மருந்து அவசியம் என்ற கணக்கு அது. பெரிய மஹாசேனாவிற்கு ஐந்து. மெட்டிசாவிற்குப் பத்து. சின்ன டெரோமாவிற்கு அதைவிடப் பல மடங்கு அதிகம், ஏனெனில் அது சாப்பிடுவது குறைவு. என் கணக்கோ இருபதைத் தாண்டிவிட்டது. மறுநாளே மருந்து வாங்க ஏற்பாடு என்று மாமா வீட்டிற்கு வந்து சொன்னார். சொல்லிவிட்டுச் சும்மா இருக்காமல் ஒரு கேள்வியும் கேட்டார்.

"ஏம்மா, நீ எண்ணுனது எல்லாம் உசிரோட இருந்துச்சா?"

நான் விழித்தேன். "பை இருந்துச்சு மாமா."

"பை இருக்கும். ஆள் வீட்ட காலி பண்ணிட்டுப் போனாலும் வீடு இருக்கும்ல?"

பாட்டி வெற்றிலையை மடித்துக்கொண்டே, "யாரு அடிக்கப் போறா?" என்று மட்டும் கேட்டார். இப்போது அந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் வங்காளதேச, இந்தோனேசியத் தொழிலாளர்கள். மாமா அப்படித்தான் பதில் சொன்னார். பாட்டி, "அவங்களுக்கும் நகம் இருக்குல்ல" என்றார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நல்ல வேளையாக அத்தனை பைகளையும் ஓலையோடு பிளாஸ்டிக் பைகளில் போட்டு எண்ணிட்டு வைத்திருந்தேன். சமையலறை மேசையில் விளக்கைப் போட்டு, பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் கைலென்ஸை எடுத்து மீண்டும் தொடங்கினேன்.

பையைப் படிப்பது

பையை விரலால் மெல்ல அழுத்த வேண்டும். உள்ளே புழு இருந்தால் ஒரு மெதுவான எதிர்ப்பு தெரியும். வெற்றுப் பை அமுங்கிவிடும். பக்கத்தில் ஊசித்துளை போல வட்டமான ஓட்டை இருந்தால், உள்ளே இருந்த புழுவைத் தின்று ஒரு சிறு குளவி வெளியேறிவிட்டது என்று பொருள். புழுவின் உடலில் முட்டையிடும் இத்தகைய குளவிகள் பல உண்டு. பையின் அடியில் பழுப்பு நிறத் தோல் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதிலிருந்த ஆண் வளர்ந்து பறந்துவிட்டான். சில பைகளைக் கத்தரித்துப் பார்த்தபோது உள்ளே பூஞ்சை பிடித்து வெள்ளையாக இருந்தது.

விடியும்போது கணக்கு முடிந்தது. 312இல் 171 வெற்று அல்லது இறந்தவை. உயிருள்ளவை 141. மட்டைக்கு 9.4. பத்துக்கு மிக அருகில்! எல்லாம் மெட்டிசாவாக இருந்தால் வரம்பின் வாசலிலேயே நிற்கிறது. ஆகவே இனம் எது என்பதுதான் இப்போது கேள்வி.

மஹாசேனா இல்லை என்பது சுலபமாகத் தெரிந்தது. அதன் பை மற்ற இரண்டையும்விட மிகப் பெரியது. ஓலைத் துண்டுகள் கிழிந்த துணி போல வெளியே தொங்கிக்கொண்டிருக்கும். மெட்டிசாவும் டெரோமாவும்தான் தொல்லை. முழு வளர்ச்சியில் மெட்டிசாவின் பை ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும், டெரோமாவினுடையது அதைவிடச் சிறியது. ஆனால் சிறிய பை என்றால் டெரோமாவா, வளராத மெட்டிசாவா? இங்கேதான் என்னைப் போன்றவர்கள் விழுவோம். அளவை மட்டும் நம்பக்கூடாது. புழு எந்தப் பக்கம் தின்றிருக்கிறது என்றும் பார்க்கலாம். இளம் மெட்டிசா ஓலையின் மேற்பரப்பைச் சுரண்டித் தின்னும், டெரோமா பெரும்பாலும் அடிப்பரப்பில். வெட்டிப் பிளாஸ்டிக்கில் அடைத்த ஓலையில் புழுக்கள் இடம் மாறிவிட்டிருந்ததால் அதுவும் எனக்கு முழுதாக உதவவில்லை.

உறுதியான அடையாளம் புழு கூட்டுப்புழு ஆகும்போது வருகிறது. அப்போது பையின் வாயை மூடி, ஓலையின் அடியில் தொங்கவிட்டுக்கொள்ளும். மெட்டிசா தன் பையைக் குடைக் கைப்பிடி போல வளைந்த குட்டையான கொக்கியால் மாட்டும். டெரோமாவோ நீண்ட நேரான பட்டு நூலில் தொங்கும், காற்றில் ஆடும். ஜோவானிஸ் இரண்டு முறை தொங்கவிட்டதன் காரணம் இப்போது புரிந்திருக்கும். என் சேகரிப்பில் கூட்டுப்புழு நிலையில் இருந்த சில பைகளை எடுத்துப் பார்த்தேன். கொக்கியும் இருந்தது, நூலும் இருந்தது. கலப்பு! ஆக உயிருள்ள 141இல் ஒரு பகுதி டெரோமா. மெட்டிசாவின் எண்ணிக்கை பத்துக்கு நன்றாகவே கீழே.

காலை ஏழு மணிக்கு மாமாவுடன் அலுவலகம் சென்றேன். என் முதல் கணக்குத் தவறு என்று நானே சொல்ல வேண்டியிருந்தது. அவமானம்தான். அங்கிருந்த அதிகாரி முகம் சுளித்தார். அந்தப் பகுதியை இரண்டு வாரம் நிறுத்திவைத்து மறுபடியும் எண்ணச் சொன்னார். பக்கத்துப் பகுதிக்கு மட்டும் திட்டமிட்டபடி மருந்து அடித்தார்கள், அதை யாரும் மறுபடி எண்ணவில்லை.

மருந்தைத் தள்ளிப்போடச் சொன்னதற்குப் பாட்டியின் நகம் மட்டும் காரணமில்லை. நம் நாட்டிலேயே நடந்த ஒரு பழைய பாடம் இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் இங்குள்ள தோட்டங்களில் பைப்புழு மிக மோசமாகப் பெருகியது. அதை ஆராய்ந்த பி. ஜே. வூட் என்ற பூச்சியியலாளர், எல்லாப் பூச்சிகளையும் கொல்லும், நீண்ட நாள் நிலைக்கும் மருந்துகளே பெருக்கத்திற்குக் காரணம் என்று காட்டினார். பையின் பாதுகாப்பில் புழு தப்பித்தது, வெளியே திரிந்த குளவியும் இரைகௌவிப் பூச்சிகளும் செத்தன. அந்த மருந்துகளை நிறுத்தியதும் இயற்கை எதிரிகள் மீண்டு வந்து புழுவை அடக்கின. அவர் இதையெல்லாம் நூலாக எழுதியது 1968இல். இன்று தோட்டச் சாலையோரங்களில் டர்னெரா என்னும் மஞ்சள், வெள்ளைப் பூச்செடிகளை வரிசையாக நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அலங்காரத்திற்கு அல்ல, அந்தக் குளவிகளுக்குத் தேன் கிடைப்பதற்காக. மருந்து தேவைப்பட்டாலும் இளம் புழுக்களை மட்டும் குறிவைக்கும் பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற நுண்ணுயிரி மருந்து இருக்கிறது. வளர்ந்த புழுவிற்கும் கூட்டுப்புழுவிற்கும் அதனால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆக எந்த இனம் என்று மட்டுமல்ல, எந்தப் பருவம் என்றும் தெரிந்திருக்க வேண்டும்.

பூச்சியை வளர்த்தல்

பையை வைத்துச் சொன்னது தோட்டத்திற்குப் போதும். ஆய்வறிக்கைக்குப் போதாது. இனத்தை உறுதிப்படுத்த வளர்ந்த ஆண்பூச்சி வேண்டும். உயிருள்ள புழுக்களைச் செம்பனை ஓலையோடு வலை மூடிய சாடிகளில் வைத்து, ஓலை வாட வாட மாற்றிக்கொண்டே இருந்தேன். அம்மா சாடிகளைச் சாமியறைக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது என்று மட்டும் கட்டளையிட்டார்.

ஒரு விடியற்காலை முதல் ஆண் வெளிவந்தது. சிறிய, பழுப்பு நிற, உடலெல்லாம் மயிர் அடர்ந்த பூச்சி. அழகு என்று சொல்ல முடியாது. ஆனால் உணர்கொம்பைப் பார்க்க வேண்டும்! இருபுறமும் பல் வைத்த சீப்பு போல இருக்கும். பெண்ணின் வாசனையைத் தொலைவிலிருந்தே பிடிக்கும் கருவி அது. ஆய்வாளர்கள் இதையே பயன்படுத்தி, உயிருள்ள பெண்பூச்சியைப் பசைப்பொறியில் வைத்து ஆண்களைப் பிடிக்கிறார்கள்.

வகைப்படுத்துவோர் இறகின் நரம்புகளைப் பார்ப்பார்கள். செதிலை நீக்கிவிட்டால் இறகின் நரம்புகள் கிளை கிளையாகப் பிரிவது தெரியும். எந்த நரம்பு எதனுடன் இணைகிறது என்பது பேரினத்திற்கு ஓர் அடையாளம். முன்காலில் உணர்கொம்பைத் துடைப்பதற்கென்று உள்ள முள் போன்ற உறுப்பு இருக்கிறதா, எவ்வளவு நீளம் என்றும் பார்ப்பார்கள். இறுதியாக, ஆணின் இனப்பெருக்க உறுப்பு. நெருங்கிய இனங்கள் வெளித்தோற்றத்தில் ஒத்திருந்தாலும் இந்த உறுப்பின் வடிவத்தில் வேறுபடுவதுண்டு. வயிற்றைத் தனியாக எடுத்து, பத்து விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சூடாக்கினால் சதை கரைந்து கடினமான பகுதி மட்டும் மிஞ்சும். முதல் பூச்சியை நான் அதிக நேரம் சூடாக்கிவிட்டேன். ஒன்றும் மிஞ்சவில்லை. இரண்டு மாதம் ஓலை மாற்றி வளர்த்த பூச்சி, பத்து நிமிடத்தில் போயிற்று. இரண்டாவது பூச்சிக்கு மேற்பார்வையாளர் பக்கத்திலேயே நின்றார்.

மரபணு முறையும் உண்டு. 2003ஆம் ஆண்டு கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹேபர்ட் முன்வைத்த 'பட்டைக்குறி' முறையில், ஒரு குறிப்பிட்ட மரபணுவின் ஏறக்குறைய 650 எழுத்துகளைப் படித்து இனத்தைச் சொல்லலாம். குஞ்சுப்புழு மட்டும் கையில் இருக்கும்போது அது பெரிய உதவி. எங்கள் ஆய்வுக்கு அதற்குப் பணமில்லை.

டெரோமாவிற்கு இன்னொரு சோதரி உண்டு, டெரோமா பிளேஜியோஃபிளெப்ஸ். தென்னிந்தியாவில் புளியமரத்தில் காணப்படுவது. தமிழ்நாட்டில் உறவினர் இருப்பவர்கள் அடுத்த முறை போகும்போது புளிய இலையைத் திருப்பிப் பாருங்கள். ஆனால் நூலைக் கண்டதும் பெண்டுலா என்று எழுதிவிடாதீர்கள்.

இரண்டு வாரம் கழித்து எடுத்த கணக்கில் அதே பகுதியில் உயிருள்ளவை 71, மட்டைக்கு 4.7. மருந்து அடிக்கவில்லை. பாட்டியிடம் சொன்னேன். "சரி" என்றார், அவ்வளவுதான். பிறகு சாடியில் இருந்த ஒரு பையை லென்ஸில் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இத்தன வருசம் அடிச்சேன், இது மூஞ்சிய இப்பதான் பாக்குறேன்" என்றார்.

எங்கள் துறை ஆய்வுக்கூடத்தில் ஊசியில் குத்திய ஆண்பூச்சிகள் நான்கும், இரண்டு புட்டிகளில் பைகளும் இருக்கின்றன. ஒன்றில் கொக்கி, மற்றதில் நூல். இடம், நாள், எந்த மரம், சேகரித்தவர் பெயர் என்று சீட்டும் கட்டியிருக்கிறேன். இளையோர் யாருக்காவது பார்க்க வேண்டும் என்றால் கழக அறையில் என்னிடம் சொல்லுங்கள், வெள்ளிக்கிழமை மாலையில் அழைத்துப் போகிறேன். கைலென்ஸ் இருந்தால் கொண்டு வாருங்கள். துறையில் இருப்பது ஒன்றுதான், அதையும் யாராவது எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள்.